சூடு பிடிக்காத தூரம்

பூந்தமல்லி நெடுஞ்சாலையில் எந்தக் கார் ஷோரூமுக்குள் நுழைந்து டீசல் என்று வாயெடுத்தாலும், விற்பனையாளர் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "மாசத்துக்கு எவ்வளவு ஓட்டுவீங்க, சார்?" ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் என்றால் டீசல், குறைந்தால் பெட்ரோல். மாமனார், தெருமுனை மெக்கானிக், அலுவலகத்தில் பக்கத்து இருக்கைக்காரர் என எல்லோருக்கும் இந்தச் சூத்திரம் மனப்பாடம். ஒரு காலத்தில் அது சரியான கணக்குதான். இப்போது பாதிக் கணக்கு. மாதம் எத்தனை கிலோமீட்டர் என்பதோடு, ஒரு தடவை வண்டியைக் கிளப்பினால் இன்ஜின் எத்தனை நிமிடம் ஓடும், என்ன வேகத்தில் ஓடும் என்பதையும் கேட்டாக வேண்டும். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் இந்த இரண்டாவது கேள்விக்கு வீட்டுக்கு வீடு பதில் மாறும்.

பழைய சூத்திரம் பிறந்தது விலை இடைவெளியில். 2012 மே மாதம் தில்லியில் பெட்ரோல் லிட்டர் 73 ரூபாயைத் தொட்டபோது டீசல் 41 ரூபாய்க்குள் இருந்தது. சென்னையிலும் இடைவெளி 30 ரூபாயைத் தாண்டியது. லாரிக்கும் பேருந்துக்கும் வயல் பம்ப்செட்டுக்கும் என்று அரசு தாங்கிப்பிடித்த விலைக்குள் கார் வைத்திருந்தவர்களும் நுழைந்துகொண்டார்கள். அந்த ஆண்டுகளில் நாட்டில் விற்ற கார்களில் பாதி டீசல். 2012 ஜூலையில் ஒரகடத்திலிருந்து ரெனோ டஸ்டர் வந்தது; 2013 ஜூனில் மறைமலைநகரிலிருந்து ஃபோர்டு எகோஸ்போர்ட். சென்னையைச் சுற்றியே சின்ன எஸ்யூவிகள் பெருகின. இதற்கிடையில் 2013 ஜனவரியில் டீசல் விலையை மாதம் 50 காசு என்று ஏற்றத் தொடங்கிய அரசு, 2014 அக்டோபரில் கையை முழுதாக எடுத்துவிட்டது. 2024 மார்ச்சில் இரண்டுக்கும் 2 ரூபாய் குறைத்த பிறகு சென்னை விலை: பெட்ரோல் ஏறக்குறைய 101, டீசல் 92½. இடைவெளி எட்டரை ரூபாய்.

இந்த விலையில் ஒரு கணக்குப் போடுவோம். சின்ன எஸ்யூவி ஒன்று நம் சாலைகளில் பெட்ரோலில் 13, டீசலில் 18 மைலேஜ் தருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். (கம்பெனி விளம்பரத்தில் இருக்கும் எண்கள் இன்னும் அழகாக இருக்கும்.) கிலோமீட்டருக்குப் பெட்ரோல் செலவு 7 ரூபாய் 77 காசு, டீசல் செலவு 5 ரூபாய் 14 காசு. மிச்சம் 2 ரூபாய் 63 காசு. இப்போது இரண்டு எரிபொருளும் ஒரே விலை, 101 ரூபாய் என்று மாற்றிப் போட்டுப் பாருங்கள். அப்போதும் 2 ரூபாய் 16 காசு மிச்சமாகிறது. அதாவது மிச்சத்தில் ஐந்தில் நான்கு பங்கு மைலேஜிலிருந்து வருகிறது. பங்க் விலைப்பலகையிலிருந்து வருவது ஒரு பங்குதான். 2012 தில்லி விலையில் இதே 13, 18-ஐப் போட்டால் மிச்சம் 3 ரூபாய் 34 காசு. அதில் பாதிக்கு மேல் விலை இடைவெளியின் தயவு. அன்று அரசு கொடுத்ததை இன்று வண்டியே சம்பாதித்துத் தர வேண்டியிருக்கிறது. அதற்கு வண்டி நம்மிடம் எதைத் திருப்பிக் கேட்கிறது என்பதைப் பார்க்குமுன் வரிக் கணக்கையும் முடித்துவிடலாம்.

2023 நவம்பரில் தமிழ்நாட்டில் புதுக் காருக்கான ஆயுட்கால வரி உயர்ந்தது. 5 முதல் 10 லட்சம் வரையிலான வண்டிக்கு 13 சதவீதம். 10 லட்சத்தைத் தாண்டினால் 18 சதவீதம். தாண்டிய தொகைக்கு மட்டுமல்ல, மொத்த விலைக்கும். பெட்ரோல் வண்டி 9.8 லட்சம், அதே ரக டீசல் 11 லட்சம் என்றால் விலை வித்தியாசம் 1.2 லட்சம்தான். வரி வித்தியாசம் இன்னொரு 70,600 ரூபாய். மொத்தம் 1,90,600. கிலோமீட்டருக்கு 2.63 வீதம் இதை மீட்க 72,000 கிலோமீட்டருக்கு மேல் ஓட வேண்டும். மாதம் ஆயிரம் ஓட்டுபவருக்கு ஆறு ஆண்டுகள். இரண்டு வண்டியும் 10 லட்சத்துக்குள் அடங்கிவிட்டால் அதே 1.2 லட்சம் வித்தியாசம் வரியோடு 1,35,600 ஆகி, 51,500 கிலோமீட்டரில், நாலேகால் ஆண்டில், தீர்ந்துவிடும். 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி குறைந்ததில் சின்ன டீசல் எஸ்யூவிகளின் தொடக்க ரகங்கள் சில 10 லட்சக் கோட்டுக்குக் கீழே இறங்கின. சன்ரூஃபுக்கு ஆசைப்பட்டு அடுத்த ரகத்துக்குத் தாவுவதற்கு முன் இந்தக் கோட்டை ஒரு தடவை பார்த்துக்கொள்வது நல்லது.

"சின்ன டீசல் எஸ்யூவி" என்ற இனமே வரிச் சட்டத்தின் பிள்ளை. நீளம் 4 மீட்டருக்குள். பெட்ரோல் என்றால் இன்ஜின் 1200 சிசிக்குள், டீசல் என்றால் 1500 சிசிக்குள். இந்த வரம்புக்குள் அடங்கினால் குறைந்த வரி. 2006 மத்திய பட்ஜெட்டில் விதைத்தது இது. அதனால்தான் நம் ஊரில் இத்தனை வண்டிகள் 3,995 மில்லிமீட்டர், 3,999 மில்லிமீட்டர் என்று நூல் பிடித்த மாதிரி நிற்கின்றன. முன்பு இந்த வரம்புக்குள்ளும் டீசலுக்கு 31 சதவீதம், பெட்ரோலுக்கு 29 என்று செஸ் வித்தியாசம் இருந்தது. இப்போது இரண்டுக்கும் 18. வரம்பைத் தாண்டிய வண்டிக்கு 40.

சரி, டீசல் வண்டி ஏன் கூடுதல் மைலேஜ் தருகிறது? பாதிப் பதில் எரிபொருளிலேயே இருக்கிறது. டீசல் அடர்த்தி கூடியது. ஒரு லிட்டர் டீசலில் சுமார் 36 மெகாஜூல் ஆற்றல், பெட்ரோலில் 32 சொச்சம், எத்தனாலில் 21. இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அதன் லிட்டரில் 30 மெகாஜூல்தான் மிஞ்சும். லிட்டர் கணக்கில் வாங்குவதால், டீசல் வாங்குபவர் தெரியாமலே 20 சதவீதம் கூடுதல் ஆற்றலை வாங்கிப்போகிறார்.

மீதிப் பாதி இன்ஜினின் சுபாவம். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவதைத் தொட்டுப் பார்த்திருப்பீர்கள். காற்றைச் சட்டென்று அமுக்கினால் சூடேறும். டீசல் இன்ஜின் காற்றைப் பதினாறில் ஒரு பங்காக அமுக்குகிறது. காற்று 500 டிகிரி செல்சியஸைத் தாண்டிக் கொதிக்கிறது. அந்த நேரத்தில் டீசலைப் பீய்ச்சினால் தானாகப் பற்றிக்கொள்ளும். தீப்பொறி வைக்க ஸ்பார்க் பிளக் தேவையில்லை. அமுக்கம் கூடக்கூட, எரிந்து கிடைக்கும் சூட்டில் அதிகப் பங்கு வேலையாக மாறும். 1897-ல் ஆக்ஸ்பர்க் நகரில் ருடால்ஃப் டீசல் ஓட்டிக்காட்டிய இன்ஜின், எரிபொருளின் ஆற்றலில் 26 சதவீதத்தை வேலையாக மாற்றியது. அன்றைய நீராவி இன்ஜின்களால் அதன் பக்கத்தில்கூட வர முடியாது. 1900 பாரிஸ் கண்காட்சியில் ஒரு டீசல் இன்ஜினைக் கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டினார்கள். அதை நம்பி இன்றைய வண்டியில் எதையாவது ஊற்றிவிடாதீர்கள். இன்றைய காமன் ரெயில் இன்ஜின் டீசலை 1,600 முதல் 2,000 பார் அழுத்தத்தில், ஏறக்குறைய தலைமுடி அளவே உள்ள துளைகள் வழியே பீய்ச்சுகிறது; ஒரு லிட்டர் மண்ணெண்ணெய்க் கலப்படம்கூட அதற்கு ஆகாது.

டீசல் இன்ஜின் மேற்குப் புறநகருக்குப் புதியதல்ல. ஆவடியில் 1961-ல் தொடங்கிய கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965-ல் முதல் விஜயந்தா டாங்கி வெளியே வந்தது. 1987 முதல் அங்கேயே டாங்கி இன்ஜினுக்கென்று தனித் தொழிற்சாலை இருக்கிறது. அங்கே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் திருமுல்லைவாயிலிலும் பட்டாபிராமிலும் தெருவுக்குத் தெரு உண்டு. அவர்களிடம் டீசலைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தால் சாயங்காலம் போய்விடும். டி-72 அஜேயாவின் இன்ஜின் 12 சிலிண்டர், 38.8 லிட்டர், 780 குதிரைத்திறன்: லிட்டருக்கு 20. இன்று 4 மீட்டர் எஸ்யூவிக்குள் உட்கார்ந்திருக்கும் ஒன்றரை லிட்டர் டீசல் சுமார் 115 குதிரைத்திறன் தருகிறது: லிட்டருக்கு 77. டர்போவும் கணினி ஆளும் பீய்ச்சலும் செய்த வேலை இது. முறுக்குவிசை 250 முதல் 300 நியூட்டன் மீட்டர், அதுவும் 1,500 சுற்றிலேயே கிடைத்துவிடும். ஐந்து பேரும் மூட்டை முடிச்சும் ஏறிய வண்டி ஏற்காட்டு வளைவில் இரண்டாம் கியரில் முனகாமல் ஏறுவது இதனால்தான். "டீசல் பிக்கப்" என்று சொல்பவர்கள் மனதில் வைத்திருப்பது குதிரைத்திறனை அல்ல, குறைந்த சுற்றில் கிடைக்கும் இந்த முறுக்குவிசையை.

ஆனால் மைலேஜின் பெரிய ரகசியம் வேறு இடத்தில் இருக்கிறது. பெட்ரோல் இன்ஜின் காற்றையும் எரிபொருளையும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில்தான் எரிக்கும். வேகம் குறைய வேண்டும் என்றால் காற்றின் வழியையே ஒரு தகடு பாதி மூடும். அந்தத் தகடுதான் திராட்டில். மூடிய வழியில் காற்றை இழுக்க பிஸ்டன் மல்லுக்கட்ட வேண்டும், அதில் எரிபொருள் வீண். டீசல் இன்ஜினில் வேகத்தைக் குறைக்கக் காற்றை நெரிப்பதில்லை; பீய்ச்சும் டீசலை மட்டும் குறைத்தால் போதும். ஆகவே சும்மா நிற்கும்போதும் ஊர்ந்து போகும்போதும்தான் டீசலின் சிக்கனம் உச்சத்தில் இருக்கும். காலை ஒன்பது மணிக்கு அம்பத்தூர் ஓ.டி.யில் வரிசையில் நிற்கும் பெட்ரோல் வண்டிக்கும் டீசல் வண்டிக்கும் எரிபொருள் செலவில் வித்தியாசம், நெடுஞ்சாலையில் இருப்பதைவிட அதிகம்.

அந்தச் சிக்கனத்துக்கு ஒரு மறுபக்கம் உண்டு. தேவைக்கு மேல் காற்று, கொஞ்சூண்டு டீசல்: இப்படி எரித்தால் வெளியே வரும் புகை சூடாக இருக்காது. இன்ஜின் சும்மா ஓடும்போது டீசல் புகையின் சூடு பல நேரம் 150 டிகிரிகூட இராது. 2020-க்கு முன்பு அது யாருக்கும் கவலையில்லை. அந்த ஆண்டு ஏப்ரல் 1-ல் பிஎஸ்6 புகை விதிகள் வந்தன, நடுவே பிஎஸ்5-ஐத் தாண்டி. டீசல் கார் கிலோமீட்டருக்கு விடலாம் என்றிருந்த கரித்தூள் 25 மில்லிகிராமிலிருந்து 4.5-க்கும், நைட்ரஜன் ஆக்சைடுகள் 250-லிருந்து 80-க்கும் இறங்கின. டீசலில் கந்தகம் 50 பிபிஎம்மிலிருந்து 10 ஆனது. அந்தக் கணத்திலிருந்து டீசல் காரின் வயிற்றுக்கடியில் ஒரு சின்ன வேதியியல் ஆலை ஓடத் தொடங்கியது. சூடு இல்லாமல் அந்த ஆலை வேலை செய்யாது.

முதலில் கரித்தூள் வடிகட்டி. மெக்கானிக்குகள் டிபிஎஃப் என்பார்கள். தேன்கூடு போல மெல்லிய பீங்கான் குழல்கள், ஒன்று விட்டு ஒன்று முனை அடைத்தவை. புகை குழலின் சுவர் வழியே ஊடுருவித்தான் வெளியேற முடியும். கரி உள்ளே சிக்கிக்கொள்ளும். நிறைந்த கரியை அங்கேயே எரித்துத் தீர்க்க வேண்டும். அதற்கு 600 டிகிரி தேவை. கணினி அவ்வப்போது பிஸ்டன் கீழே இறங்கும் நேரத்தில் கூடுதலாகக் கொஞ்சம் டீசலைப் பீய்ச்சி, அதைப் புகைப்பாதையில் எரியவிட்டுச் சூடேற்றும். சில நூறு கிலோமீட்டருக்கு ஒரு தடவை, பத்து இருபது நிமிடம் நடக்கும் வேலை இது. வண்டி ஓரளவு வேகத்தில், நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தால் உங்களுக்குத் தெரியாமலே முடிந்துவிடும். நடுவில் வீடு வந்து, வண்டியை நிறுத்திவிட்டால் பாதியில் நின்றுபோகும். கரி அப்படியே. பீய்ச்சிய டீசலில் கொஞ்சம் சிலிண்டர் சுவர் வழியே வடிந்து இன்ஜின் ஆயிலில் கலக்கும். மறுநாள் மறுபடி முயற்சி, மறுபடி அரைகுறை. ஆயில் அளவு குறைவதற்குப் பதில் ஏறும், ஆயில் நீர்த்துப்போகும். ஒரு நாள் மஞ்சள் விளக்கு எரியும், வண்டி வேகம் எடுக்க மறுக்கும்.

சர்வீஸ் விஷயத்தில் ஒரு இடைச்செருகல். கரி எரிந்துவிடும், இன்ஜின் ஆயிலில் உள்ள உலோகச் சேர்மங்களின் சாம்பல் எரியாது, வடிகட்டியிலேயே தங்கிவிடும். ஆகவே இந்த இன்ஜின்களுக்குச் சாம்பல் குறைந்த ஆயில்தான் ஊற்ற வேண்டும். "எல்லாம் ஒரே டீசல் ஆயில்தான் சார்" என்று லாரிக்கு ஊற்றும் ஆயிலை எடுத்து நீட்டுபவரிடம் தயங்காமல் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

அடுத்தது நைட்ரஜன் ஆக்சைடுகள். பெட்ரோல் காரின் வினையூக்கி இவற்றைச் சுலபமாக உடைத்துவிடும், புகையில் உபரி ஆக்சிஜன் இல்லாததால். டீசல் புகையில் ஆக்சிஜன் தாராளம்; அந்த வித்தை பலிக்காது. ஆகவே சில வண்டிகளில் வாயுவைப் பிடித்து வைத்து அவ்வப்போது உடைத்து வெளியேற்றும் பொறி. வேறு சிலவற்றில் யூரியாக் கரைசல் தொட்டி. கரைசலில் யூரியா 32.5 சதவீதம், மிகக் குறைந்த வெப்பநிலையில், மைனஸ் 11 டிகிரியில் உறையும் விகிதம் என்பதற்காக. ஆவடியில் அந்தக் கவலை யாருக்கும் வரப்போவதில்லை! இங்கே பிரச்சினை எதிர்த்திசையில்: வெயிலில் கிடந்த கேன் கெட்டுப்போகும். தொட்டி முழுதாக வற்றினால் வண்டி மறுபடி கிளம்பாது என்பதையும் வாங்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். யூரியாவோடு சேர்ந்து வேலை செய்யும் வினையூக்கியும் 200 டிகிரி வாக்கில்தான் விழித்துக்கொள்ளும்.

ஆக, டீசலின் சிக்கனம் எந்தச் சாலையில் அதிகமோ அந்தச் சாலையில்தான் அதன் புகைப்பாதை குளிர்ந்து கிடக்கிறது. இரண்டுக்கும் ஒரே காரணம். இதை எந்தக் கம்பெனியும் மேலும் புத்திசாலித்தனமாக வடிவமைத்து முழுதாகத் தப்பிக்க முடியாது. சூட்டை வேலையாக மாற்றிவிட்டால் புகைக்கு மிஞ்சும் சூடு குறையும்.

இப்போது வரைபடத்தைப் பிரிப்போம். மூன்று வீடுகளைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். மூன்றிலும் மாதம் ஆயிரம் கிலோமீட்டர்.

முதல் வீடு திருமுல்லைவாயிலில். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை, எட்டுக் கிலோமீட்டர். சி.டி.எச். சாலையில் ஆட்டோ, மாநகரப் பேருந்து, தண்ணீர் லாரி, குறுக்கே பாயும் பைக் எல்லாவற்றுக்கும் இடம் விட்டுப் போக அரை மணிக்கு மேல். காலையில் பிள்ளையைப் பள்ளியில் விடுவது, மாலையில் டியூஷன், இடையில் அண்ணாநகர், பாடி என்று ஒரு நாளில் ஐந்தாறு தடவை வண்டி கிளம்பும், நிற்கும். ஓடோமீட்டர் நன்றாகவே ஏறும். ஆனால் வடிகட்டி 600 டிகிரியை எட்டி அங்கேயே பத்து நிமிடம் நிற்கும் பயணம் அந்த மாதத்தில் ஒன்றுகூட இராது. இந்த வீட்டுக்கு டீசல் வேண்டாம் என்பேன். பெட்ரோல், சிஎன்ஜி, வீட்டில் சார்ஜ் போட வசதி இருந்தால் மின்சார வண்டி, எதுவும் இதைவிட மேல்.

இரண்டாவது வீடு பூந்தமல்லியில். வேலை ஸ்ரீபெரும்புதூரில், இருங்காட்டுக்கோட்டையைத் தாண்டி. ஒரு வழி இருபது கிலோமீட்டர், மாதம் 25 நாள். நசரத்பேட்டை, திருமழிசை நெரிசலைக் கடந்துவிட்டால் செம்பரம்பாக்கம் ஏரிப் பக்கத்திலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் வண்டி 70, 80-ல் ஓடும். இன்ஜின் சூடாகி, வடிகட்டி சூடாகி, வேலையையும் முடித்துக்கொள்ள இந்தப் பயணம் போதும். அதே ஆயிரம் கிலோமீட்டர்தான். ஷோரூம் சூத்திரப்படி இவரும் பெட்ரோல்தான் வாங்க வேண்டும். பத்து லட்சக் கோட்டுக்குக் கீழே ஒரு டீசல் கிடைத்து, ஆறேழு வருடம் வைத்து ஓட்டும் எண்ணமும் இருந்தால் இவர் தாராளமாக வாங்கலாம்.

மூன்றாவது வீடு ஆவடியில், ஓய்வு பெற்றவர். கோயிலுக்கும் காய்கறிக்கும் ஸ்கூட்டர். மாதம் ஒரு முறை திருச்சிப் பக்கம் சொந்த ஊருக்கு, போக வர 700 கிலோமீட்டர். மிச்சம் முந்நூறு ஊருக்குள். ஊர்ப் பயணம் ஒவ்வொன்றும் வடிகட்டியைச் சுத்தமாக எரித்துவிடும். வண்டிக்கு டீசல் ஒத்துப்போகும். பணக் கணக்கு ஒத்துப்போகிறதா என்பது வேறு: நெடுஞ்சாலையில் பெட்ரோல் வண்டியும் 16, 17 கொடுக்கும், மிச்சம் சுருங்கும். இவர் வாங்குவது மிச்சத்துக்காக அல்ல. திண்டிவனம் தாண்டி லாரிகளை முந்தும்போது கிடைக்கும் அந்த முறுக்குவிசைக்காக. அது தப்பில்லை. ஆனால் அதைச் சிக்கனம் என்று வீட்டில் சொல்லி அனுமதி வாங்குவது நியாயமில்லை.

முதல் வீட்டுக்காரர் கேட்கலாம்: வெளிவட்டச் சாலை பக்கத்தில்தானே, ஞாயிற்றுக்கிழமை ஒரு சுற்று போனால் ஆயிற்று? வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை 62 கிலோமீட்டர் நீளும் அந்தச் சாலையில் நெமிலிச்சேரியில் ஏறி வண்டலூர் போய்த் திரும்பினால் 60 கிலோமீட்டர். வடிகட்டி எரிய அருமையான இடம். டீசலுக்கு 300 ரூபாய், டோல் தனி. மாதம் இரண்டு தடவை என்றால், ஆயிரம் கிலோமீட்டருக்கு மாதம் 2,630 ரூபாய் என்று வரும் மிச்சத்தில் கால் பங்கு இதிலேயே போகும். அது மட்டுமா, வாரக் கடைசியில் வண்டிக்காக நாம் ஊர்வலம் போகிறோம்.

மேற்குப் புறநகரில் டீசலுக்கு ஆதரவாக இன்னொரு வாதம் மழைக்காலத்தில் கிளம்பும்: "தண்ணில டீசல் வண்டி நிக்காது சார், பிளக்கே கிடையாதே." 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் கொரட்டூரும் அம்பத்தூர் தொழிற்பேட்டையும் மிதந்ததைப் பார்த்தவர்கள் சொல்வது. பிளக் இல்லை என்பது உண்மை. நனைந்த பிளக் வயரால் பழைய பெட்ரோல் வண்டிகள் நின்றதும் உண்மை. ஆனால் இன்ஜினைக் கொல்லும் தண்ணீர் காற்றுக் குழாய் வழியே வருகிறது. 1500 சிசி, நான்கு சிலிண்டர்: ஒரு சிலிண்டருக்கு 375 சிசி. அமுக்க விகிதம் 16 என்றால் பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது மிஞ்சும் இடம் 25 மில்லிலிட்டர்தான். ஐந்து தேக்கரண்டி. அதற்கு மேல் தண்ணீர் புகுந்தால், தண்ணீரை அமுக்க முடியாது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். 1200 சிசி, மூன்று சிலிண்டர் பெட்ரோல் இன்ஜினில் அந்த இடம் 40 மில்லிலிட்டருக்கு மேல். ஆக, இந்த விஷயத்தில் டீசலுக்குத் தாங்கும் சக்தி குறைவு. ஆவடி டி-72 ஐந்து மீட்டர் ஆழ ஆற்றைக் கடக்கும். டீசல் என்பதால் அல்ல, மூச்சுக்குழாயைத் தண்ணீருக்கு மேலே தூக்கிக் கட்டிக்கொண்டு இறங்குவதால். உங்கள் எஸ்யூவியின் மூச்சுக்குழாய் முன் கிரில்லுக்குப் பின்னால் எந்த உயரத்தில் இருக்கிறது என்று வாங்கும் அன்றே பானெட்டைத் திறந்து பாருங்கள்.

தில்லியில் பத்து ஆண்டு தாண்டிய டீசலுக்கு வந்த தடையைச் சொல்லிப் பயமுறுத்துபவர்கள் உண்டு. அது தலைநகர்ப் பகுதிக்கான உத்தரவு. சென்னையில் அப்படி ஒன்றும் இல்லை. 2023 மே மாதம் மத்திய அரசின் ஆலோசனைக் குழு ஒன்று பத்து லட்சம் மக்களுக்கு மேல் உள்ள நகரங்களில் 2027-க்குள் டீசல் கார்களை நிறுத்தலாம் என்று பரிந்துரைத்தது; பரிந்துரையோடு நின்றது. மாருதி 2020-லேயே டீசலை விட்டுவிட்டது. ஃபோர்டு இந்தியத் தயாரிப்பையே நிறுத்துவதாக 2021-ல் அறிவித்தது. ஹூண்டாய், கியா, டாடா, மஹிந்திரா சின்ன டீசலைத் தொடர்கின்றன. வாங்குபவர்கள் ஐந்தில் ஒருவருக்கும் குறைவு. உதிரிபாகத்துக்கு இன்னும் பத்தாண்டுக்குப் பஞ்சம் வராது என்றே நினைக்கிறேன்.

புகையைச் சுவாசிப்பவர் பக்கத்திலிருந்தும் பார்க்க வேண்டும். டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012 ஜூனில் முதல் வகையில் சேர்த்தது. 2015-ல் ஃபோக்ஸ்வேகன் உலகெங்கும் 1.1 கோடி டீசல் வண்டிகளில் சோதனைச் சாலையில் மட்டும் நல்ல பிள்ளையாக நடிக்கும் மென்பொருளை வைத்தது வெளிப்பட்டது. அதன் பாடம்தான் 2023 ஏப்ரல் முதல் இங்கேயும் வந்த நிஜச் சாலைச் சோதனை. கரியமில வாயுவில் டீசல் கொஞ்சம் மேல்: நம் 18, 13 கணக்கில் கிலோமீட்டருக்கு 149 கிராம், பெட்ரோலுக்கு 177 வாக்கில். சூடாக ஓடும் பிஎஸ்6 டீசலை நான் குறை சொல்ல மாட்டேன். வடிகட்டி அடைத்துக்கொண்டது என்று அதை வெட்டி எடுத்துவிட்டு, கணினியை ஏமாற்றும் மென்பொருள் போட்டுத்தருவதாகச் சொல்பவர்களிடம் போவது மட்டும், பின்னால் ஸ்கூட்டரில் குழந்தையோடு வருபவருக்குச் செய்யும் துரோகம்.

புதுசுக்குப் பணம் போதாமல் செகண்ட் ஹாண்டு தேடுபவர்களுக்கும் இதே அறிவியல் உதவும். "ஒரே ஓனர், நாலு வருஷம், 25,000-தான் ஓடியிருக்கு" என்ற விளம்பரம் பெட்ரோல் வண்டிக்கு நல்ல செய்தி. 2020-க்குப் பிந்தைய டீசலுக்கு அப்படிச் சொல்ல முடியாது. அந்த 25,000-மும் நாலு நாலு கிலோமீட்டராகச் சேர்ந்ததா என்று கேளுங்கள். வேலை எங்கே, பள்ளி எங்கே, ஊர் எங்கே என்று பேச்சோடு பேச்சாக விசாரித்தால் தெரிந்துவிடும். டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். மேல் கோட்டுக்கு மேலே ஆயில் நின்று, டீசல் வாடையும் அடித்தால் கிளம்பி வந்துவிடலாம். ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக்கை அழைத்துப்போய், கடைசியாக வடிகட்டி முழுதாக எரிந்து எத்தனை கிலோமீட்டர் ஆயிற்று, இப்போது எவ்வளவு கரி நிறைந்திருக்கிறது என்று வண்டியின் கணினியிடமே கேட்கச் சொல்லுங்கள். அதே விலைக்கு, ஒரகடத்துக்கும் வீட்டுக்கும் நெடுஞ்சாலையில் ஓடி 80,000 காட்டும் வண்டி ஒன்று பக்கத்தில் நின்றால், நான் அதைத்தான் முதலில் ஓட்டிப் பார்ப்பேன்.